புதுவாயல் ஜோதி வீடியோஸும் அமாவாசை நெட்டும்

ஜோதிலட்சுமிக்குக் கோபம் வந்தால் முதல் அடி மோடத்துக்குத்தான் விழும். புதுவாயல் கூட்டுரோட்டில், கணேசன் மளிகைக் கடைக்கு மேல்மாடியில் இருக்கும் ஜோதி வீடியோஸில், அந்த மோடம் ஒரு பாவப்பட்ட ஜீவன். தலையில் இரண்டு தட்டு. பிறகு வயரைப் பிடுங்கி, வாயால் ஊதி, மறுபடி சொருகல். பிறகு கம்ப்யூட்டர் முன்னால் வந்து உட்கார்ந்து திரையை ஒரு முறை முறைப்பாள். திரையில் பச்சைக் கோடு ஒன்று இருக்கும். கல்யாண வீடியோ கிளவுடுக்கு எவ்வளவு போயிருக்கிறது என்று காட்டும் கோடு அது. காலையில் எங்கே நின்றதோ, மத்தியானமும் அங்கேயேதான் நின்றுகொண்டிருக்கும்.

"நகந்து தொலையேன், பாடையில போறவனே!" என்பாள். கோடு அதற்கெல்லாம் அசைகிற ஜாதி இல்லை.

ஜோதி பிறந்தது பழவேற்காடு ஏரிக்கரைக் குப்பத்தில். அப்பா இறாலும் நண்டும் பிடிக்கிறவர். குடும்பத்தில் எல்லாருக்குமே குரல் பெரிசு. படகில் இருப்பவனுக்குக் கரையிலிருந்து கேட்க வேண்டுமே. அந்தக் குரலோடுதான் அவள் பொன்னேரிக்குப் போய் கம்ப்யூட்டர் கற்றுக்கொண்டாள். அங்கேயே ஒரு ஸ்டுடியோவில் சேர்ந்து, பாஸ்போர்ட் போட்டோவில் ஊராரின் கோணல் காதுகளை நேராக்கிக்கொண்டிருந்தாள். ஒரு நாள் கேமராக்காரர் கல்யாண வீட்டு விருந்தைத் தின்றுவிட்டு வயிற்றுப்போக்கில் படுத்துவிட, ரிசப்ஷனை எடுக்க ஆளில்லாமல் இவள் கையில் கேமராவைக் கொடுத்தார்கள். அன்றைக்கு மேடையை மறைத்துக்கொண்டு நின்ற மாப்பிள்ளையின் சித்தப்பாவைப் பார்த்து இவள் போட்ட சத்தத்தில் மேளக்காரரே வாசிப்பை நிறுத்திவிட்டார். ஆல்பம் நன்றாக வந்தது. அதற்குப் பிறகு கேமராவை அவள் யாருக்கும் திருப்பிக் கொடுக்கவில்லை.

அன்புசெல்வனைப் பிடித்தது கும்மிடிப்பூண்டி பஸ் ஸ்டாண்டில். சிப்காட்டில் ஒரு ரோலிங் மில்லில் ஷிப்டு பார்க்கிறவன், நல்லவன், அதிகம் பேசமாட்டான். ஜோதியின் பக்கத்தில் நின்றால் அதிகம் பேசத் தேவையும் இல்லை. அவன் வீட்டில் நெல் வயல் உண்டு, கிணறு உண்டு, குப்பம்மாள் என்ற அம்மாவும் உண்டு. பையன் ஏரிக்கரைப் பெண்ணைக் கட்டப்போகிறேன் என்று வந்து நின்றபோது குப்பம்மாள் ஒரே வரிதான் சொன்னாள்.

"நெல்லு வெளையிற ஊட்டுல நண்டு வந்து குந்தப் போவுதா? குந்தட்டும், குந்தட்டும்."

அதற்குப் பிறகு மாமியாரும் மருமகளும் ஒரே கூரையின் கீழே இருந்தார்கள். பேச்சு என்றால் உப்பு இருக்கிறதா, பால்காரன் வந்தானா, அவ்வளவுதான். ஜோதி கடை திறந்தபோது ஊரே வந்து லட்டு சாப்பிட்டது, குப்பம்மாள் மட்டும் முட்டிவலி என்று வரவில்லை. "எவன் கண்ணாலத்தையோ பொட்டில போட்டு பாத்துகினு குந்திகினு இருக்குறா. இதுக்கு ஒரு கடை, அதுக்கு ஒரு போர்டு" என்று பக்கத்து வீட்டில் சொன்னதாகக் காதில் விழுந்தது. ஜோதி அதை மனசில் எழுதி வைத்துக்கொண்டாள். எழுதி வைப்பதில் அவள் கெட்டிக்காரி.

கடைக்கு உயிர் கொடுத்தது சென்னைக் கம்பெனி ஒன்று. சொந்தக்காரர்கள் பாதிப் பேர் சிங்கப்பூரிலும் கனடாவிலும் இருக்கிற குடும்பங்களுக்குக் கல்யாணப் படம் தயாரிக்கிற கம்பெனி. தாலி கட்டின மறுநாள் சாயங்காலத்துக்குள் எடுத்தது அத்தனையும் கிளவுடில் ஏறியிருக்க வேண்டும். எங்கேயோ உட்கார்ந்திருக்கும் எடிட்டர் அதை இறக்கி, வெட்டி ஒட்டி, மாமியார் முகம் சுளித்த இடங்களை எல்லாம் நீக்கி அனுப்புவார். பொன்னேரியிலிருந்து கும்மிடிப்பூண்டி வரைக்கும் இந்த வேலை ஜோதிக்கு. இதை நம்பித்தான் புது கேமரா, புது கம்ப்யூட்டர், நெடுஞ்சாலையில் போகிற லாரிக்காரன்கூட படிக்கிற மாதிரி பெரிய போர்டு, எல்லாம் வந்தது. இதற்காகத்தான் ஃபைபர் லைனும் இழுத்தாள்.

லைன் வந்த புதிதில் பறந்தது. அப்புறம் ஒரு கல்யாணத்துக்குப் படுத்தது. அடுத்த கல்யாணத்துக்கு இன்னும் மோசமாகப் படுத்தது. இதில் வேடிக்கை, படுத்தது ஏற்றுவது மட்டும்தான். அன்புசெல்வன் கடைக்கு வந்து போனில் கிரிக்கெட் பார்த்தால் தடங்கலே இல்லாமல் ஓடும்.

"நெட்டு நல்லாத்தானே கீது?" என்பான்.

"ஒனக்கு நல்லாத்தான் இருக்கும். வர்றதெல்லாம் வருது, போறதுதான் போவ மாட்டேங்குது. ஒங்கம்மாவத் தேடி வர்ற சொந்தக்காரங்க மாதிரி" என்பாள் ஜோதி.

லைன் போட்டுக் கொடுத்த கேபிள்காரர் சபரிநாதன் சின்ன வயசுக்காரர், வாய் மட்டும் முதிர்ந்தது. முதல் தடவை கூப்பிட்டபோது "மேல லைன்ல பிராப்ளம்க்கா" என்றார். மேல என்றால் எங்கே என்று கேட்டதற்கு வானத்தைக் காட்டினார். இரண்டாவது தடவை எலி என்றார். மூன்றாவது தடவை, சிப்காட்டில் இரும்பு உருக்க ஃபர்னஸ் போடும்போது கரண்ட்டை இழுத்துக்கொள்கிறது என்றார்.

"வெளிச்சத்துல போற லைனுன்னு நீதானே சொல்லிக் கொடுத்த? வெளிச்சத்துக்கும் ஃபர்னஸுக்கும் இன்னா சம்பந்தம்?" என்று ஜோதி பிடித்தாள்.

சபரி யோசித்துவிட்டு, "அப்ப எலிதான்க்கா" என்றார்.

கிளவுடு கம்பெனிக்கு எழுதிப் பார்த்தாள். அங்கே மனுஷன் இல்லை, பதில் சொல்கிற இயந்திரம் ஒன்று இருந்தது. 'உங்கள் பொறுமைக்கு நன்றி' என்றது. பொறுமை இருக்கிறது என்று இதற்கு யார் சொன்னது என்று ஜோதிக்கு ஒரே ஆத்திரம். அது சொன்னபடி எல்லாம் செய்தாள். பழைய குப்பையை அழித்தாள், வேறு பிரவுசரில் போட்டாள், பெரிய ஃபைலைத் துண்டு துண்டாக வெட்டி அனுப்பினாள், வயரை மாற்றினாள், மோடத்தையே மாற்றினாள். ஒரு நாள் போனில் ஸ்பீடு பார்த்தபோது முள் பிய்த்துக்கொண்டு போனது. துள்ளிக் குதித்து, கீழே போய் கணேசனுக்கு டீ எல்லாம் வாங்கிக் கொடுத்துவிட்டு வந்த பிறகுதான், போன் அந்த நேரம் சிம் கார்டு நெட்டில் இருந்தது தெரிந்தது. டீயைத் திருப்பிக் கேட்க முடியாது.

இதில் ஒரு கணக்கு இருப்பதை முதலில் பிடித்தது கணேசன்தான். மளிகைக்காரருக்கு எல்லாமே காலண்டர்தானே.

"ஜோதிம்மா, ஒண்ணு கவனிச்சியா? அமாவாச முடிஞ்சதும் ஒன் நெட்டு படுத்துக்குது. பௌர்ணமி தாண்டினா எழுந்துக்குது. வளர்பிறையே ஆவல அதுக்கு."

"போங்கண்ணே, நெட்டுக்கு இன்னா பிறை?" என்று சிரித்துவிட்டு மேலே போனாள். போய், யாரும் பார்க்கவில்லை என்று உறுதி செய்துகொண்டு, காலண்டரை எடுத்துப் பார்த்தாள். அப்படியேதான் இருந்தது. தேய்பிறையில் குதிரை மாதிரி ஓடுகிறது, ஆனால் தேய்பிறையில் எவன் கல்யாணம் வைக்கிறான்? முகூர்த்தம் எல்லாம் வளர்பிறையில். வேலை வருகிற பதினைந்து நாளும் நெட்டு செத்துக் கிடக்கிறது, வேலை இல்லாத பதினைந்து நாளும் உயிரோடு இருக்கிறது. யாரோ செய்வினை வைத்துவிட்டார்கள் என்று நம்பாதது ஒன்றுதான் பாக்கி. அதையும் பாதி நம்பிவிட்டாள்.

இரண்டு கல்யாணம் தாமதமானதும் கம்பெனியிலிருந்து சத்யா என்ற பெண் போன் செய்தாள். தேன் தடவின குரல். "மேடம், தப்பா எடுத்துக்காதீங்க. வர்ற முகூர்த்தமும் டைமுக்கு வரலைன்னா, அந்த ஏரியாவுக்கு நாங்க வேற ஆளைப் பார்க்க வேண்டியதா இருக்கும்."

அன்று வீட்டுக்குப் போய்ச் சோற்றுத் தட்டின் முன்னால் உட்கார்ந்து அழுதாள். அழுவது அவளுக்குப் பழக்கமில்லாததால் அதுவும் சத்தமாகவே வந்தது. அன்புசெல்வன் ஆறுதலாகச் சொல்வதாக நினைத்துக்கொண்டு, "போனா போவுது வுடு. எங்க மில்லு பக்கத்துல பேக்கிங் செக்‌ஷன்ல லேடீஸ் எடுக்குறாங்க. சூப்பர்வைசர் தெரிஞ்சவருதான்" என்றான். காலையிலிருந்து சாயங்காலம் வரைக்கும் அட்டைப்பெட்டிக்கு டேப் ஒட்டுகிற வேலை. அங்கே போய் யாரைப் பார்த்துக் கத்துவது? ஜோதிக்கு அதைக் கேட்டதும் அழுகை நின்று பயம் வந்தது. குப்பம்மாள் அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். தலையை உள்ளே இழுத்துக்கொண்டாள். உள்ளே சந்தோஷப்படுகிறாள் என்று ஜோதி நினைத்துக்கொண்டாள்.

வளர்பிறை வந்தது, முகூர்த்தமும் வந்தது. கும்மிடிப்பூண்டி மண்டபத்தில் கல்யாணம் அமர்க்களமாக முடிந்தது. மறுநாள் காலையில் கடையைத் திறந்து ஃபைலை ஏற்றிவிட்டாள். பச்சைக் கோடு தலையைக் காட்டிவிட்டு நின்றது. மோடத்துக்கு அன்று விழுந்த அடியில் ஒரு விளக்கு அணைந்து எரிந்தது. சபரிக்குப் போன் போட்டாள்.

"இன்னிக்கி எலி, ஃபர்னஸு, மேல லைனு எதுனா சொன்ன, ஒன்ன இந்த மாடிலேர்ந்து தள்ளி வுட்ருவேன். எதாச்சும் மிஷினு வெச்சிகினு வா."

மிஷின் இருக்கத்தான் இருந்தது. வெளிச்சம் எவ்வளவு வருகிறது என்று அளக்கிற கையடக்கக் கருவி. இத்தனை நாள் ஏன் கொண்டுவரவில்லை என்று கேட்டதற்கு, "நீங்க கேக்கலையேக்கா" என்றார் சபரி. ஜோதி அவரைத் தள்ளிவிடாததற்குக் காரணம், அவர் கையில் மிஷின் இருந்தது ஒன்றுதான்.

கம்பத்தில் ஏறி அளந்தார். அங்கே வெளிச்சம் கொழுகொழு என்று இருந்தது. கடைக்குள் வந்து அளந்தார். எலும்பும் தோலுமாக இருந்தது.

"அக்கா, கம்பத்துக்கும் கடைக்கும் நடுவுலதான் திருடன் கீறான். அங்கேர்ந்து வர்ற வெளிச்சம் தடியா வருது, கொஞ்சம் சிந்தினாலும் தாங்கும். ஒங்க மோடத்துலேர்ந்து போற வெளிச்சம் மெலிசு. அது நடுவுல சிந்திட்டா போய்ச் சேராது. வயருக்குள்ள இருக்குறது கண்ணாடி. எங்கனா மடிஞ்சி கெடக்கும், பாருங்க."

இரண்டு பேரும் மாடிப்படி முகப்பில் நின்று, கம்பத்திலிருந்து வரும் கறுப்பு வயரைக் கண்ணால் பிடித்துக்கொண்டே வந்தார்கள். ரோட்டைத் தாண்டி, போர்டுக்கு மேலே, கைப்பிடிச் சுவருக்குப் பக்கத்தில் வந்ததும் வயர் 'வி' போல மடிந்து கீழே இறங்கி மறுபடி மேலே ஏறியது. அந்த மடிப்பில், கோரைப்பல்லும் உருட்டுவிழியும் மீசையுமாக, கீறின வாயில் குங்குமம் அடைத்துக்கொண்டு, கொழுத்த திருஷ்டிப் பூசணிக்காய் ஒன்று தொங்கிக்கொண்டிருந்தது.

அங்கே பூசணிக்காய் தொங்குவது ஊருக்கே தெரியும். கடைவாசல் என்றால் பூசணிக்காய் தொங்கத்தானே செய்யும்? ஜோதி தினமும் அதன் கீழேதான் போய் வந்தாள். அன்புசெல்வன் மாட்டினான் என்று அவள் நினைத்தாள், ஜோதி மாட்டினாள் என்று அன்புசெல்வன் நினைத்தான். அது எதில் தொங்குகிறது என்று மட்டும் ஒருத்தரும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

சபரி வாய்விட்டுச் சிரித்தார். "புதுக்காய் மாட்டினதும் வெயிட்டு இழுக்குது, வயரு மடிஞ்சிக்கினு போவுது. வெயில்ல அழுவி, தண்ணி எல்லாம் சொட்டி, காயி லேசாச்சுன்னா வயரு நிமிந்துக்குது. அதான்க்கா ஒங்க வளர்பிறை தேய்பிறை!"

ஜோதி சிரிக்கவில்லை. அறுத்து இறக்கச் சொன்னாள். சபரி நசுங்கின இடத்தை வெட்டி, புதிதாக ஒட்டிக் கொடுத்தார். உள்ளே போய்ப் பார்த்தால் பச்சைக் கோடு வாலில் தீ வைத்த மாதிரி ஓடியது. சாயங்காலம் என்ன, மத்தியானச் சோற்றுக்கே முடிந்துவிடும் போலிருந்தது. அதைப் பார்த்து ஆனந்தப்பட வேண்டியவள், படியில் தடதடவென்று இறங்கி கணேசன் முன்னால் போய் நின்றாள்.

"அண்ணே, அந்தப் பூசணிக்காய மாட்டினது யாரு?"

கணேசன் பொட்டலம் மடித்துக்கொண்டே சொன்னார். "ஒம் மாமியாருதான்மா. அமாவாசைக்கு அமாவாச விடியக்காலைல வந்துடும். எங்கிட்டத்தான் காயி வாங்கும், எங் கடை ஸ்டூலத்தான் எடுத்துகினு மேல போவும். ஒனக்குத் தெரியாதா?"

ஜோதியின் மண்டைக்குள் மனசில் எழுதி வைத்ததெல்லாம் ஒன்றொன்றாக எழுந்து நின்றது. கிழவி! கடை திறந்த அன்றைக்கு முட்டிவலி, கடையைக் கெடுக்க மட்டும் மாடி ஏறத் தெரிகிறது! ஓடுகிற பச்சைக் கோட்டை ஓட விட்டுவிட்டு ஸ்கூட்டியை எடுத்தாள். அந்தக் கோட்டை விட்டுவிட்டு ஒருத்தி கிளம்புகிறாள் என்றால் எவ்வளவு கோபம் இருந்திருக்கும் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

குப்பம்மாள் வீட்டுக்குள் முறத்தில் காராமணி உரித்துக்கொண்டிருந்தாள். ஜோதிக்கு வழக்கமாக வாயில் வருகிற 'நீங்க' அன்று வழியிலேயே விழுந்துவிட்டது.

"கடைல பூசணிக்காய மாட்டினது நீயா?"

"ஆமா. நாந்தான். அதுக்கு இன்னா இப்போ?"

"இன்னாவா? அந்த வயர்லதான் என் ஃபைலு போவுது! ஒன் காயி தொங்கி வயரு மடிஞ்சி, போறது எல்லாம் ரோட்டுல சிந்திகினு இருந்துக்குது. நான் மோடத்த அடிச்சி அடிச்சி கையே வீங்கிப் போச்சு. எம் பொழப்பு இன்னிக்கி சாயங்காலத்தோட பூட்டிருக்கும், தெரியுமா? என்னப் புடிக்கலன்னா மூஞ்சிக்கு நேரா சாபம் வுடு. வயர்ல மாட்டாத!"

குப்பம்மாளின் கை முறத்திலேயே நின்றுவிட்டது.

"நான் மாட்டினதாலயா போவாம கெடந்துச்சு?"

"ஆமா."

"எங் கையாலயா?"

அந்தக் குரலை ஜோதி அதுவரை கேட்டதில்லை.

"பஸ்ஸுல ஒருத்தி ஒன் போர்ட காட்டி சொன்னாடி, 'பொம்பள நடத்துற கடையாம், இன்னா பவுசு பாரு'ன்னு. வவுறு எரிஞ்சி சொன்னா. எனக்கு ஒடம்பு நடுங்கிப் போச்சு. அன்னிக்கே எறங்கிப் போய் காய வாங்கினேன். போர்டுல ஆணி அடிச்சா நீ குதிப்ப. அந்தக் கம்பி சும்மாதானே கெடந்துச்சுன்னு அதுல மாட்டினேன்."

"எங்கிட்ட சொல்றதுக்கு இன்னா?"

"சொன்னா சிரிப்ப. நண்டுன்னு சொன்ன வாயி, இப்ப திஷ்டி கழிக்க வருதான்னு சிரிப்ப." குப்பம்மாள் காராமணித் தோலை வெறுமனே கிழித்துக்கொண்டிருந்தாள். "ஃபைலு போவலன்னு நீ மொத தபா புருசங்கிட்ட பொலம்பினியே, எனக்கு மனசே ஆறல. கண்ணு பலமாப் பட்டிருக்குதுன்னு, அடுத்த தபா அத விட பெரிய காயா பாத்து வாங்கினேன். திரும்பவும் போவலன்னு சோத்துத் தட்டுல அழுத. அத விட பெருசு வாங்கினேன். இந்த அமாவாசைக்கு கணேசன் கடைலயே பெருசு அதாண்டி. முட்டி நோவுல தூக்கிகினு படி ஏற முடியாம, ரெண்டு எடத்துல குந்திக் குந்திப் போனேன்."

ஜோதிக்குச் சிரிப்புதான் முதலில் வந்தது. பெரிய சிரிப்பு, ஏரிக்கரைச் சிரிப்பு. நெட்டு போகவில்லை என்று இவள் புலம்பப் புலம்ப, கிழவி காயைப் பெரிதாக்க, காய் பெரிதாக ஆக நெட்டு இன்னும் போகாமல், இவள் இன்னும் புலம்ப... சிரித்துக்கொண்டே இருந்தவளுக்கு எப்போது அழுகை வந்தது என்று அவளுக்கே தெரியவில்லை. வெட்கமாக இருந்தது. பயங்கர வெட்கம். மனசில் எழுதி வைத்த கணக்கு அத்தனையும் தப்பு என்று தெரிந்தவளுக்கு வேறு என்ன வரும்?

கையில் போன் சத்தம் போட்டது. 'எல்லாம் வந்துவிட்டது மேடம், சூப்பர். அடுத்த முகூர்த்தமும் உங்களுக்குத்தான்' என்று சத்யா அனுப்பியிருந்தாள். ஜோதி அதைப் படித்துக் காட்டினாள்.

குப்பம்மாள் முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். "நல்லதாப் போச்சு. இனிமே நான் அந்தப் பக்கமே வரலடி. எங் கை வெளங்காத கை."

"யாரு வுடுவா?" ஜோதி முறத்தைத் தன் பக்கம் இழுத்து ஒரு காராமணியை உரித்தாள். "போர்டுல நடுவால நானே ஓட்ட போட்டு கொக்கி மாட்டித் தரேன். நான் படில தூக்கிகினு வரேன், நீங்க மாட்டுங்க அத்த."

"போர்டு கெட்டுப் பூடும்டி."

"கெட்டா கெடட்டும். இருக்குறதுலயே பெரிய காயா பாத்து வாங்குங்க."